பிறவித் திறமை என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பு கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் கூடும் டீக்கடைக்கு விடிந்ததும் வந்துவிடும். வேலைக்குப் போகும் முன் அதைப் படித்துவிட்டுத்தான் பலர் பஸ் ஏறுவோம். சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜெர்ரி ரைஸ் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நம் பத்திரிகைகளில் இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதுவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரைக்குப் "பிறவி மேதை" என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். "சிறு வயதில் தந்தையோடு கட்டட வேலைக்கும் சென்றார்" என்று நடுவில் ஒரு வரி. அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரிக்குத்தான் முழுப் பக்கம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் கட்டட மேஸ்திரி. பதினாறு வயதில் சித்தாளாகப் போய், கரண்டி பிடித்து, இன்று ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்கிறேன். சித்தூர் வட்டத்தில் எங்கள் பக்கம் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தமிழ், ரேஷன் கார்டு கேரளம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வண்ணாமடை என்று எல்லையோரமாக நீளும் ஊர்களில் கொத்து வேலைக்கும் தென்னந்தோப்பு வேலைக்கும் போகிறவர்களே அதிகம். இப்படி ஓர் ஊரில் இருப்பவன் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி என்ன பேசுவது என்று தாங்கள் நினைக்கலாம். என் தம்பி மகன் கலிபோர்னியாவில் சாண்டா கிளாராவில் வேலையில் இருக்கிறான். ரைஸ் ஆடிய சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸ் அணியின் இப்போதைய மைதானம் அந்த ஊரில்தான். "பெரியப்பா, உங்க தொழில்காரர் மகன் ஒருத்தர் இருக்கார், பாருங்க" என்று அவன்தான் முதலில் வீடியோ அனுப்பினான். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்று அந்த ஆட்டத்தை இடைவேளை இல்லாமல் உட்கார்ந்து பார்ப்பேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பந்து உருண்டையாக இருக்காது, இரு முனையும் கூம்பியிருக்கும். மைதானம் 100 கெஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். ரிசீவர் என்பவர் எதிரணிக்காரர்களுக்கு இடையே ஓடி அதைப் பிடிப்பார். பிடித்த நொடியில் நூறு கிலோ ஆள் ஒருவர் வந்து மோதுவார். எதிர்முனைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. ஜெர்ரி ரைஸ் 20 பருவங்கள் ரிசீவராக இருந்தார்.

1962 அக்டோபர் 13 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்தது கிராஃபோர்டு என்ற சின்னஞ்சிறு ஊரில். எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு. அப்பா கொத்தனார். கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகள் அப்பாவோடு வேலைக்குப் போவார்கள். அண்ணன் தம்பிகள் கீழே நின்று செங்கல்லை எறிவார்கள், ஜெர்ரி சாரத்தின் மேல் நின்று பிடிப்பார். சில நேரம் நான்கு கல்லை ஒன்றாக அடுக்கி எறிவார்களாம். அவை மேலே வந்து திசைக்கொன்றாகப் பிரியும், நான்கையும் பிடித்துவிடுவேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஆசிரியர் ஐயா. கட்டட வேலை தெரியாதவர்களுக்கு இது வேடிக்கைச் செய்தி. தெரிந்தவர்களுக்கு அப்படி இல்லை.

ஒரு செங்கல் மூன்று கிலோ இருக்கும். கீழே இருப்பவன் அதை இரண்டு கையாலும் படுக்கைவாட்டில் பிடித்து, முழங்காலை லேசாக மடக்கி, கல் புரளாமல் மேலே விட வேண்டும். மேலே ஏறும் கல் ஓர் இடத்தில் வேகம் தீர்ந்து நிற்கும். இறங்கத் தொடங்குவதற்கு முந்தின அந்த இமைப்பொழுதில் அதற்குக் கனமே இருக்காது. சாரத்தில் நிற்பவன் கல்லை அந்த இடத்தில்தான் வாங்க வேண்டும். முந்திப் பாய்ந்தால் விரல் நசுங்கும். தாமதித்தால் மணிக்கட்டைப் பிடுங்கும். உள்ளங்கையை விரித்து நிறுத்தக் கூடாது, விரல்களால் வாங்க வேண்டும். வாங்கியதும் கல் போகிற போக்கில் கையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். விறைத்த கையில் கல் நிற்காது, தெறித்துவிடும். கல் விரலுக்குள் வரும் வரை கண் கல்லில் இருக்க வேண்டும். வந்த பிறகு கண் அடுத்த கல்லுக்குப் போய்விடும், கை தானாகத் திரும்பி முந்தின கல்லை அடுக்கும். இதையெல்லாம் செய்யும்போது கால் நிற்பது ஒன்றரை அடிப் பலகையில்.

இதை யாரும் வாயால் சொல்லிக் கற்றுக்கொடுப்பதில்லை. முதல் வாரம் விரல் வீங்கும், நகம் கறுக்கும். அப்புறம் உடம்புக்குத் தெரிந்துவிடும். ரைஸ் பந்து பிடிப்பதைத் தம்பி மகன் மெதுவாக ஓட்டிக் காட்டினான். நான் பார்த்தது அதே கைதான். பந்து விரல் நுனிக்கு வருகிறது, கை அரை அடி பின்னால் போகிறது, பந்து அசையாமல் நிற்கிறது. தலை திரும்பவில்லை. பந்து கைக்குள் வந்த பிறகுதான் முகம் எதிராளியைத் தேடுகிறது. அவ்வளவு வேகமாக ஓடும்போதும் அவர் பதறவில்லை. இதைப் பிறவி என்று எழுதினால் அந்தப் பிள்ளையின் கோடைக்காலங்களுக்கு என்ன மதிப்பு?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைச் சாரத்தில் ஏற்றுங்கள் என்று நான் எழுதவில்லை. என் சைட்டில் பதினெட்டு நிறையாத யாரையும் நான் சேர்ப்பதில்லை. என் மகனைச் செங்கல் தொடவிடவில்லை. ரைஸின் அப்பா வறுமையால் செய்தார், நானும் சிறுவனாக வறுமையால்தான் போனேன். நான் சொல்வது வேறு. உழைப்பால் வந்த திறமையை உழைப்பு என்றே எழுதுங்கள்.

பள்ளியில் அவர் பந்து விளையாட வந்த கதையும் சுவையானது. ஒருநாள் வகுப்பைக் கட் அடித்துவிட்டு வெளியே நின்றிருக்கிறார். பள்ளித் துணைத் தலைமையாசிரியர் பின்னாலிருந்து வந்ததும் ஒரே ஓட்டம். பையனைப் பிடிக்க முடியவில்லை. மறுநாள் தண்டனையும் உண்டு, கூடவே பந்துப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போய் "இந்த ஓட்டத்தைப் பாருங்கள்" என்று நிறுத்தியதும் உண்டு. தண்டிக்க வந்த இடத்தில் கால்களைக் கவனித்த ஆசிரியர் அவர். அப்படி ஒருவர் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும்.

பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கிராஃபோர்டு போன்ற ஊருக்கு யார் வருவார்கள்? இட்டா பேனா என்ற சிற்றூரில் உள்ள மிசிசிப்பி வேலி பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட கல்வி நிறுவனங்களில் ஒன்று. அதன் பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி நேரில் தேடி வந்தார், ரைஸ் அங்கே போனார். அங்கே வில்லி டாட்டன் என்ற குவார்ட்டர்பேக்கோடு ஜோடி சேர்ந்தார். மற்ற அணிகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறிய காலத்தில், கூலி ஒரே பக்கத்தில் நான்கு ரிசீவர்களை வரிசையாக நிறுத்தி எறிய விட்டார். 1984 பருவத்தில் அந்த அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 60 புள்ளி எடுத்தது. ரைஸ் மட்டும் 27 டச் டவுன். இன்று அந்தக் கல்லூரி மைதானத்தின் பெயர் ரைஸ்–டாட்டன் ஸ்டேடியம். எறிந்தவர் பெயரும் பிடித்தவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் நியாய புத்தி எனக்கு மிகவும் பிடித்தது. தங்கள் கட்டுரையில் டாட்டன் பெயரே இல்லை.

அவ்வளவு செய்தும் தொழில்முறை அணிகள் தயங்கின. காரணம் இரண்டு. ஒன்று, அவர் ஆடியது சிறிய கல்லூரி அணிகளோடு. இன்னொன்று, ஸ்டாப்வாட்ச். அங்கே 40 கெஜம் ஓடவிட்டு நேரம் எடுப்பார்கள், அந்த நேரத்தைத்தான் எல்லா அணிகளும் வேதமாகப் பார்க்கும். ரைஸின் நேரம் சாதாரணமாக இருந்தது. கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்கும் தேர்வு ஒன்று ஆண்டுதோறும் உண்டு, பின்தங்கிய அணிக்கு முதல் முறை, சாம்பியனுக்குக் கடைசி முறை. 1985 தேர்வில் அவருக்கு முன்னால் இரண்டு ரிசீவர்கள் எடுக்கப்பட்டார்கள்: 10ஆவதாக ஆல் டூன், 13ஆவதாக எடி பிரவுன். பிரவுனை எடுத்தது சின்சினாட்டி பெங்கால்ஸ். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

49யர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் 1984 அக்டோபரில் ஒரு ஆட்டத்துக்காக ஹூஸ்டன் போயிருந்தபோது, ஹோட்டல் அறையில் இரவு டிவியில் கல்லூரி ஆட்டங்களின் காட்சிகளைப் பார்த்தார். அதில் இந்தப் பையன் திரும்பத் திரும்பப் பந்தோடு ஓடினான். நேரம் என்ன என்று வால்ஷ் கேட்கவில்லை. யாராவது இவனைப் பின்னாலிருந்து பிடித்தார்களா என்று பார்த்தார். யாரும் பிடிக்கவில்லை. அந்தப் பருவம் சாம்பியன் ஆனதால் 49யர்ஸுக்கு முதல் சுற்றில் கடைசி வாய்ப்புதான். வால்ஷ் மற்ற வாய்ப்புகளைச் சேர்த்து நியூ இங்கிலாந்து அணிக்குக் கொடுத்து, 16ஆவது இடத்தை வாங்கி, ரைஸை எடுத்தார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். என்னிடம் வேலை செய்யும் சித்தாள் ஒருவரின் மகள், எட்டாம் வகுப்பு. பள்ளியில் ஹேண்ட்பால் ஆடுகிறாள், கோல் காப்பாள். என்னை மாமா என்பாள். அவள் கை ஒரு தனிக் கை. எதிரில் நின்று எவ்வளவு வேகமாக எறிந்தாலும் பந்து அவள் விரலில் சத்தமில்லாமல் உட்காரும். கீழே பட்டு எகிறும் பந்தையும் முகத்தைத் திருப்பாமல் எடுப்பாள். சென்ற ஆண்டு ஒரு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அவள் அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அழைத்துப் போனார். உயரம் அளந்தார்கள், எடை பார்த்தார்கள், ஓடவிட்டு நேரம் எடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். அவள் கையில் ஒரு பந்தைக்கூடக் கொடுக்கவில்லை. ஹேண்ட்பால் ஆட வந்த பிள்ளைக்குப் பந்து கொடுக்காமல் தேர்வு நடத்தினார்கள் என்று நான் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. உண்மை அதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பேசவே இல்லை என்று அவள் அம்மா சொன்னார்.

சரி, ரைஸுக்கு வருவோம். முதல் வருஷம் அவருக்கு நன்றாக அமையவில்லை. பெரிய மைதானம், கடினமான ஆட்டத் திட்டம், அடுத்து எந்தப் பக்கம் ஓடுவது என்ற யோசனையிலேயே பந்துகளைக் கை நழுவவிட்டார். சொந்த ரசிகர்களே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். பிறவி மேதைக்கு அப்படி நடக்குமா? தலை வேறெங்கோ இருந்தால் கை செங்கல்லையும் விடும். திட்டம் மனப்பாடம் ஆன பிறகு, அதே பருவம் டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு எதிராக ஒரே இரவில் 10 பந்து பிடித்து 241 கெஜம் முன்னேறினார். அடுத்த வருஷம் 1,570 கெஜம். அதற்கடுத்த 1987இல் வேலைநிறுத்தத்தால் 12 ஆட்டம்தான் ஆடினார், அதிலேயே 22 டச் டவுன் பிடித்தார்.

இதற்கெல்லாம் நடுவில் அந்த மலை. சான் கார்லோஸ் பக்கம் ஒரு பூங்காவில் நான்கு கிலோமீட்டர் ஏற்றமான மண்பாதை. சக வீரர் ரோஜர் கிரெய்க் அங்கே ஓடிக்கொண்டிருந்தார், ரைஸும் சேர்ந்துகொண்டார். ஆட்டம் இல்லாத மாதங்களில் வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி. காலையில் ஓட்டம், மதியம் எடை தூக்குவது. கூட ஓடிப் பார்க்கலாம் என்று வந்த மற்ற அணி வீரர்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார்களாம். சாதாரணப் பயிற்சியிலும் ஐந்து கெஜப் பந்து ஒன்றைப் பிடித்தால்கூட, விசில் ஊதிய பிறகும் கோடு வரை முழு வேகத்தில் ஓடித்தான் நிற்பார். ஆட்டத்தில் அவரை யாராலும் பின்னாலிருந்து பிடிக்க முடியாததன் ரகசியம் அங்கே இருக்கிறது. 40 கெஜத்தில் அவரைவிட வேகமானவர்கள் இருந்திருக்கலாம். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் எல்லோரும் களைத்தபோதும் முதல் நிமிட வேகத்தில் ஓடியவர் அவர்.

1989 ஜனவரி 22, மயாமி, சூப்பர் பவுல், அதாவது பருவத்தின் இறுதிப் போட்டி. எதிரே சின்சினாட்டி பெங்கால்ஸ். ஆம், மூன்று இடம் முன்னால் எடி பிரவுனை எடுத்த அதே அணி. பிரவுனைக் குறைத்துச் சொல்லவில்லை, அவரும் நல்ல ஆட்டக்காரர், முதல் வருஷமே விருது வாங்கியவர். ஆனால் அன்று இரவு ரைஸ் 11 பந்து பிடித்தார், 215 கெஜம் எடுத்தார், ஆட்ட நாயகன் ஆனார். மூன்று நிமிடம் சொச்சம் பாக்கி, 49யர்ஸ் 13–16 என்று பின்தங்கி, சொந்தக் கோட்டிலிருந்து எட்டு கெஜத்தில் பந்து. 92 கெஜம் போக வேண்டும். குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா எறிய எறிய முன்னேறினார்கள். ஒரு கட்டத்தில் ஒரு தவறுக்காகப் பின்னுக்குத் தள்ளப்பட்டு 20 கெஜம் தேவைப்பட்டது. நடுவில் மூன்று பேர் சூழ்ந்த இடத்தில் ரைஸ் பந்தை வாங்கி ஓடி, மொத்தம் 27 கெஜம் முன்னேற்றினார். அந்தப் பந்தை மட்டும் நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. கடைசிப் பந்து அவருக்கு வரவில்லை, ஜான் டெய்லர் பிடித்தார், 34 நொடி பாக்கி இருக்க 20–16. டெய்லரும் ஒரு சிறிய கறுப்பினக் கல்லூரியிலிருந்து வந்தவர்தான். பெரிய இடங்கள் கண்டுகொள்ளாத இரண்டு பேர் சேர்ந்து ஜெயித்துக் கொடுத்த கோப்பை அது.

மற்ற சாதனைகளைத் தங்கள் கட்டுரையே பட்டியலாகக் கொடுத்துவிட்டது. அடுத்த வருஷமும் சூப்பர் பவுல், 1995 ஜனவரியில் மூன்றாவது. 1,549 பந்து, 22,895 கெஜம், 208 டச் டவுன். கெஜக் கணக்கில் அவருக்கு அடுத்து இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492. இடையில் 5,400 கெஜத்துக்கு மேல் இடைவெளி. நல்ல ரிசீவர் ஒருவர் நான்கைந்து வருஷம் ஆடினால்தான் அவ்வளவு வரும்.

ஒரு விஷயத்தில் நான் அவரோடு உடன்பட மாட்டேன். 1997 ஆகஸ்ட் 31 அன்று டாம்பா அணியோடு ஆடும்போது இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அதுவரை 12 பருவங்கள் காயத்தால் ஒரு ஆட்டமும் விட்டதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வருஷம் ஆகும் காயம் அது, அவர் டிசம்பர் 15 அன்று மைதானத்தில் நின்றார். ஒரு டச் டவுனும் பிடித்தார். பிடித்து விழுந்தபோது முழங்கால் சில்லில் விரிசல் விழுந்தது. மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. தங்கள் கட்டுரை இதை வீரம் என்று புகழ்கிறது. எலும்பு கூடும் முன் சாரம் ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று ஏறியவர்கள் அவர்கள், வேறு வழி இல்லை. ரைஸுக்கு வழி இருந்தது. காத்திருந்திருக்கலாம். அடுத்த பருவம் உடம்பு தேறி வந்து 82 பந்து பிடித்தார், அதைத்தான் நான் புகழ்வேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. டீக்கடையில் இளைஞர் ஒருவர் கேட்டார், "கையுறையில் பசை தடவினாராமே?" என்று. உண்மைதான். பந்து ஒட்டுவதற்காகத் தடவும் அந்தப் பசையை 1981இலேயே தடை செய்துவிட்டார்கள். தானும் கொஞ்சம் தடவியதாக ரைஸே சொன்னது 2015இல் பெரிதாகப் பேசப்பட்டது. அப்புறம் வருத்தம் தெரிவித்தார், அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள் என்றும் சொன்னார். எல்லோரும் செய்தாலும் தவறு தவறுதான். அவ்வளவு நல்ல கைக்கு அது தேவைப்பட்டிருக்காது என்பதே எனக்கு வருத்தம். பசை விரலில் ஒட்டும், ஆனால் எந்த இடத்தில் வாங்குவது என்பதைப் பசை சொல்லாது. அதனால் அவரைப் பற்றிய என் மதிப்பு பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் கட்டுரையில் இது வந்திருக்க வேண்டும்.

வயதான பிறகு அவரை அணி நடத்திய விதம் எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு நன்றாகப் புரியும். 2000 டிசம்பர் 17, சொந்த மைதானத்தில் 49யர்ஸ் சட்டையில் அவருக்குக் கடைசி ஆட்டம். வழியனுப்பக் கூட்டம் வந்திருந்தது. அன்று அதே அணியின் டெரல் ஓவன்ஸ் 20 பந்து பிடித்து 283 கெஜம் எடுத்தார், அந்த நாள் அவருடையதாகிவிட்டது. அடுத்த கோடையில் ரைஸை விட்டுவிட்டார்கள், சம்பள வரம்பு காரணம். அவர் வீட்டுக்குப் போகவில்லை, வளைகுடாவைத் தாண்டி எதிர்க்கரையில் இருந்த ஓக்லண்டு ரெய்டர்ஸுக்குப் போனார். 40 வயது நிறைந்த 2002 பருவத்தில் 92 பந்து, 1,211 கெஜம். அந்த அணி சூப்பர் பவுல் வரை போய்த் தோற்றது, தோற்ற ஆட்டத்திலும் அவர் ஒரு டச் டவுன் பிடித்தார். அப்புறம் சியாட்டில் அணி, அப்புறம் டென்வர் அணியின் பயிற்சி முகாம். மூன்றாவது நான்காவது ஆளாகப் பெஞ்சில் உட்கார மனமில்லாமல் 2005 செப்டம்பரில் நிறுத்திக்கொண்டார். தங்கள் கட்டுரை "ஒரே அணிக்காக வாழ்ந்தவர்" என்று முடித்திருந்தது. அது சரியல்ல. ஐந்து கோடை அங்கேயும் இங்கேயும் வேலை தேடி ஆடியவர் அவர். கைத்திறன் தேயாத ஒரு மனிதன் இன்னும் வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போன கதை அது, அதை அழித்துவிடாதீர்கள். 2006இல் 49யர்ஸ் மறுபடி அழைத்துச் சடங்காக ஒருநாள் ஒப்பந்தம் போட்டு ஓய்வு பெற வைத்ததும் உண்மை.

2010இல் கேன்டன் நகரில் உள்ள அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். அந்தப் பேச்சைத் தம்பி மகன் எனக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னான். தோற்றுவிடுவோமோ என்ற பயமே தன்னை வாழ்நாள் முழுக்க ஓட்டியது என்கிறார். ஒரே ஒரு வருத்தம், நின்று அதை அனுபவிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்கிறார். கிராஃபோர்டு வெயிலில் கல் பிடித்த பிள்ளைக்கு, அடுத்த கல் வந்துகொண்டே இருக்கும் என்ற நினைப்பு போகாது. அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பெற்றவரும் ஆறுதலாக ஒரு மூச்சு விடவில்லை.

இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் பிள்ளைகளை யாரும் வந்து பார்ப்பதில்லை. தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கம் வாளையாறோடும் கோபாலபுரத்தோடும் நின்றுவிடுகிறது, ஏனென்றால் நாங்கள் கேரளம். மலையாளப் பத்திரிகைகளில் பாலக்காடு மாவட்டம் என்றால் பறளி, முண்டூர், கல்லடிப் பள்ளிகளின் தடகளப் பதக்கங்கள் வரும். அந்தப் பிள்ளைகள் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள், அவர்கள் ஆசிரியர்களை நான் கைகூப்பி வணங்குவேன். தமிழ்வழிப் பள்ளிகளின் பெயர் அங்கேயும் வருவதில்லை. எங்கள் பள்ளிகள் சிலவற்றில் விளையாட்டு ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடக்கிறது. கணக்கு வாத்தியார்தான் விசில் ஊதுகிறார். ரைஸுக்கு ஆர்ச்சி கூலி வண்டி ஏறி வந்தார், பில் வால்ஷ் டிவியில் பார்த்தார். எங்கள் பிள்ளைகள் ஆடுவதைப் படம் பிடிக்கவும் ஆள் இல்லை.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். தேர்வு நடத்தும் இரு மாநில அதிகாரிகளும் தங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். ஹேண்ட்பாலுக்கு வரும் பிள்ளைக்குப் பந்து கொடுத்துப் பாருங்கள், கபடிக்கு வரும் பிள்ளையைப் பாடவிட்டுப் பாருங்கள், உயரத்தையும் ஓட்டத்தையும் அப்புறம் அளக்கலாம் என்று ஒரு தலையங்கம் எழுதுங்கள். இரண்டாவது, தங்கள் விளையாட்டு நிருபரை இங்கே ஒருமுறை அனுப்புங்கள். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கு பஸ் உண்டு. சனிக்கிழமை மதியம் வந்தால் நல்லது, அன்றைக்குத்தான் பள்ளி மைதானம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி மேஸ்திரி என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள், நான் அழைத்துப் போகிறேன். கேமரா கொண்டுவரச் சொல்லுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று எடுத்தால் அந்தப் பெண்ணின் கை நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கட்டட மேஸ்திரி,
கொழிஞ்சாம்பாறை,
சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்.